தூறலை அழித்த ஸ்கேனர்

மார்வின் கேயின் தலைமுடியில் இருந்த மழைத்துளிகளை அழித்தவன் நான்தான். வேண்டுமென்று செய்யவில்லை. அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் இசை ரெக்கார்டு அட்டைகளை ஸ்கேன் எடுத்து இணையத்தில் போடுகிறவன் நான். ஸ்கேனரில் தூசு நீக்குவதற்கென்று ஒரு வசதி இருக்கிறது. பழைய ரெக்கார்டு கவர் என்றாலே தூசும் கீறலும்தானே என்று அதை டிக் செய்துவிட்டு, மார்வின் கே பாடிய 'வாட்ஸ் கோயிங் ஆன்' ஆல்பத்தின் அட்டையை ஸ்கேன் எடுத்து ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் ஒரே வரியில் கேட்டிருந்தார்: "மழை எங்கே?"

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். 1971இல் வந்த ஆல்பம் அது. டெட்ராய்ட்டில் மார்வின் கேயின் வீட்டுக் கொல்லைப்புறத்தில், மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனியின் புகைப்படக்காரர் ஜிம் ஹெண்டின் எடுத்த படம். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே தூற ஆரம்பித்துவிட்டது. யாரும் உள்ளே ஓடவில்லை. கறுப்பு ரெயின்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அவர் எங்கோ தள்ளிப் பார்க்கிறார். முடியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், கோட்டின் தோளில் முத்து முத்தாக நீர். மென்பொருள் அத்தனையையும் தூசுக் கணக்கில் சேர்த்துத் துடைத்திருந்தது. என் ஸ்கேனில் மனிதர் இஸ்திரி போட்ட மாதிரி காய்ந்துபோய் நின்றார்.

போரிலிருந்து திரும்பி வந்து ஊரைப் பார்த்துக் கலங்குகிறவன் குரலில் பாடப்பட்ட ஆல்பம். தலைப்புப் பாட்டை வெளியிடவே கம்பெனி முதலாளி பெரி கோர்டி தயங்கினார். அதன் முகப்பிலிருந்து தூறலை எடுத்துவிட்டால் அப்புறம் என்ன மிச்சம்? அன்றைக்கே அந்தப் படத்தை இறக்கினேன். அதிலிருந்து எந்த அட்டையையும் துடைப்பதில்லை. ஏழெட்டு வருடமாக இந்த வேலையில் எனக்கு இருக்கும் ஒரே கொள்கை அதுதான்.

நான் டெட்ராய்ட்டின் புறநகரில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன். ஓசூரிலிருந்து வந்து பதினான்கு வருடம் ஆகிறது. சோல் இசை பற்றி வரும்போது ஒன்றும் தெரியாது. ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருந்தார்கள். நயாகரா காட்டியாயிற்று, ஃபோர்டு மியூசியம் காட்டியாயிற்று, இன்னும் எங்கே கூட்டிப்போவது என்று தெரியாமல்தான் ஒரு சனிக்கிழமை வெஸ்ட் கிராண்ட் புலவார்டில் இருக்கும் மோட்டவுன் அருங்காட்சியகத்துக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த மஞ்சள் லேபிளை மாமனார் குனிந்து படித்தார். "என்ன மாப்ள, தமிழ்னு போட்டிருக்கு?"

டாம்லா. கோர்டி முதலில் தொடங்கிய லேபிளின் பெயர். அப்போது ஹிட்டாகியிருந்த ஒரு பாட்டை வைத்து 'டாமி' என்று பெயரிட ஆசைப்பட்டாராம். அந்தப் பெயரை ஏற்கெனவே வேறொருவர் வைத்திருந்ததால் டாம்லா ஆக்கிவிட்டார். மாமனாருக்கு இந்த விளக்கம் திருப்தி தரவில்லை. இன்றைக்கும் ஃபோனில் பேசினால் "தமிழ் ரெக்கார்டு எத்தனை சேர்ந்திருக்கு?" என்றுதான் கேட்பார்.

1959இல் குடும்பச் சேமிப்பு நிதியிலிருந்து 800 டாலர் கடன் வாங்கி கோர்டி தொடங்கிய கம்பெனி. அருங்காட்சியகம் இருப்பது அவர் அதே வருடம் வாங்கிய சாதாரண இரண்டு மாடி வீட்டில். முன்னால் ஒரு புகைப்படக்காரரின் இடமாக இருந்தது. கம்பெனி தொடங்குவதற்கு முன் கோர்டி லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் அசெம்பிளி லைனில் வேலை பார்த்தவர். அங்கே கண்டதைத்தான் பாட்டுக்குக் கொண்டுவந்தார். எழுத ஒரு குழு, வாசிக்க ஒரு குழு, மேடையில் நிற்கவும் நடக்கவும் சொல்லிக்கொடுக்கத் தனி ஆள். வெள்ளிக்கிழமை காலையில் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம். பாட்டைப் போட்டுக் காட்டிவிட்டு, "பசியோடு இருக்கிறாய், கையில் கடைசி டாலர். இந்த ரெக்கார்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா?" என்று கேட்பார்களாம். வாரா வாரம் தரக்கட்டுப்பாட்டுக் கூட்டத்தில் உட்காருகிறவன் நான். எங்களிடம் யாரும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. அன்று வெளியே வரும்போதே மனதுக்குள் ஏதோ மாட்டிக்கொண்டது.

ரெக்கார்டு கடைகளில் வாங்கி எனக்குக் கட்டுப்படியாகாது. நான் போவது எஸ்டேட் சேலுக்கு. வீட்டுப் பெரியவர் காலமான பிறகோ, முதியோர் இல்லத்துக்குப் போன பிறகோ, வீட்டில் இருக்கும் சாமானையெல்லாம் அப்படியே விலை போட்டு விற்பார்கள். காலை ஆறு மணிக்கே வாசலில் நம்பர் சீட்டு கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். முதல் பத்துக்குள் வருகிறவர்கள் வியாபாரிகள். நேராகப் பேஸ்மென்டுக்குப் போய், விலை போகிற தட்டை உருவிக்கொண்டு போய்விடுவார்கள். நான் இரண்டாம் நாள் மத்தியானம் போகிறவன். எல்லாம் பாதி விலை. தட்டு தேய்ந்து, அட்டை கிழிந்து, வியாபாரிகள் ஒதுக்கியவைதான் கிடக்கும். எனக்கு வேண்டியது அதுதானே.

டெட்ராய்ட் வீடுகளின் பேஸ்மென்டுக்கு ஒரு வாசனை உண்டு. ஈரச் சுவர், பழைய கார்பெட், நாள்பட்ட சிகரெட். பல வீடுகளில் அங்கே மரத்தில் ஒரு சின்ன பார் இருக்கும். பக்கத்தில் பெட்டி மாதிரி பெரிய ஸ்டீரியோ, கீழே தட்டுகள். மாடியில் ஹாலைவிட இங்கேதான் வாழ்ந்திருப்பார்கள் போல. இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒரு பேஸ்மென்டில் மூன்று டாலருக்கு இஸ்லி பிரதர்ஸின் 'திஸ் ஓல்ட் ஹார்ட் ஆஃப் மைன்' எடுத்து வந்தேன். வீட்டில் மேஜைமேல் வைத்ததும் மனைவி பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏங்க, இவங்க ரெண்டு பேரா பாடினது?"

கேட்டதில் தப்பில்லை. அட்டையில் இருப்பது கடற்கரையில் ஓர் இளம் வெள்ளைக்கார ஜோடி. பாடியவர்கள் சின்சினாட்டியைச் சேர்ந்த மூன்று கறுப்பினச் சகோதரர்கள். அவர்கள் அட்டையின் முகப்பில் இல்லவே இல்லை. 1966.

இது ஒன்று மட்டும் இல்லை. 1961இல் மார்வலெட்ஸ் பெண்களின் முதல் ஆல்பத்தில் ஒரு தபால் பெட்டியின் படம் மட்டும் இருக்கும். என் வீட்டிலிருந்து அரைமணி நேர டிரைவில் இருக்கும் இங்க்ஸ்டர் ஊர்ப் பள்ளி மாணவிகள் அவர்கள். மோட்டவுனுக்கு அமெரிக்கப் பாப் பட்டியலில் முதல் முதலிடத்தை வாங்கிக் கொடுத்ததும் அவர்கள்தான். மெம்ஃபிஸ் பக்கம் போனால் ஓடிஸ் ரெட்டிங்கின் 'ஓடிஸ் ப்ளூ', 1965. ஒரே ஒரு நாள் அளவிலான நேரத்தில் பெரும்பகுதியும் பதிவுசெய்யப்பட்ட மகா ஆல்பம். அட்டையில் பொன்னிற முடியோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் சாய்ந்திருக்கிறாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். கறுப்பு முகம் இருந்தால் தெற்கு மாநிலங்களில் கடைக்காரர்கள் முன்வரிசையில் வைக்க மாட்டார்கள், வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகள் வாங்கிப் போக மாட்டார்கள் என்ற வியாபாரக் கணக்கு. கறுப்பர் ஒருவர் நடத்திய மோட்டவுனும் அந்தக் கணக்கைப் போட்டது என்பதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இத்தனைக்கும் 1964இலேயே சுப்ரீம்ஸ் பெண்கள் மூவரும் தங்கள் ஆல்பத்தின் முகப்பில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். டெலிவிஷனில் நாடே அவர்களைப் பார்த்துவிட்டது. அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் இஸ்லிகளுக்கு இந்தக் கடற்கரை. 'ஓடிஸ் ப்ளூ' அட்டையையாவது அழகான வடிவமைப்பு என்று ஒப்புக்கொள்வேன். இஸ்லி அட்டை எனக்கு ஷாம்பூ விளம்பரம் மாதிரிதான் தெரிகிறது. பிறகு அவர்கள் மோட்டவுனை விட்டு வெளியே வந்து தங்கள் சொந்த டி-நெக் லேபிளில் பாடினார்கள். 1973இல் வந்த '3+3' அட்டையில் அண்ணன்கள், தம்பிகள், மைத்துனர் என்று ஆறு முகங்கள். இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏற்றினேன். விளக்கம் எதுவும் எழுதவில்லை.

சரி, ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன், நிறையப் பேர் கேட்கிறார்கள். எல்.பி. என்னும் பெரிய தட்டின் அட்டை ஒரு பக்கம் பன்னிரண்டே கால் அங்குலத்துக்கும் சற்று அதிகம். ஏ4 ஸ்கேனரில் அடங்காது. ஏ3 வாங்கினாலும் பெரும்பாலானவற்றில் கண்ணாடி அகலம் பன்னிரண்டைத் தொடாது, அரை அங்குலச் சொச்சம் வெளியே நிற்கும். அதனால் ஏ4-லேயே நான்கு முறை எடுத்து, கணினியில் ஒன்றாகத் தைத்துக்கொள்வேன். ஸ்கேனர் மூடியைக் கழற்றிவிட்டு, மேலே கறுப்புத் துணி ஒன்றைப் போர்த்துவேன். என் மனைவியின் பழைய துப்பட்டா அது, இன்னும் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தானாக நிறம் திருத்துவது, தூசு நீக்குவது, கூர்மையாக்குவது எல்லாவற்றையும் அணைத்துவிட வேண்டும். 600 டிபிஐ-யில் எடுத்துவிட்டு அப்புறம் சுருக்கினால், அச்சுப் புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலை அலையாகத் தெரிவது குறையும். பளபள லேமினேஷன் உள்ளவற்றுக்கு ஸ்கேனர் சரிப்படாது, கேமராதான்.

பாட்டை நான் ஏற்றுவதில்லை, அட்டை மட்டும்தான். அதுவும் போஸ்டர் அடிக்கிற அளவில் இல்லை. உரிமை கம்பெனிகளுடையது, நான் வெறும் ரசிகன்.

துடைப்பதில்லை என்றேனே, கையாலும்தான். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அக்கால அமெரிக்க அட்டைகள் பெரும்பாலும் தடித்த பழுப்பு அட்டையின்மேல் அச்சிட்ட மெல்லிய தாளை ஒட்டிச் செய்தவை. இது தெரியாமல் அரிதா ஃபிராங்க்ளின் ஆல்பம் ஒன்றில் தள்ளுபடி ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பினேன். ஸ்டிக்கர் அழகாக வந்தது. கூடவே அவருடைய கன்னத்தில் பாதியும் வந்துவிட்டது. சிகரெட் லைட்டர் திரவத்தைத் துளி விட்டு ஊறவைத்தால் பசை இளகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்தும் இப்போது உரிப்பதில்லை. அந்த ஸ்டிக்கரும் ஒரு கடையின் கையெழுத்துதான். விற்காமல் தேங்கிய தட்டென்றால் மூலையை வெட்டியிருப்பார்கள், அல்லது துளை போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் தட்டு நாற்பது ஐம்பது வருடம் உரசி அட்டையில் ஒரு வட்டம் விழுந்திருக்கும். சேகரிப்பவர்கள் அதை ரிங் வேர் என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள். எனக்கு அந்த வட்டம் பிடிக்கும். வெயில் பட்ட அட்டையில் சிவப்பு முதலில் போய், எல்லோரும் நீலம் பாரித்து நிற்பார்கள். அதையும் சரிசெய்வதில்லை.

ஐசக் ஹேஸ் மட்டும் என்னைப் படுத்தி எடுத்துவிட்டார். அவருடைய 'பிளாக் மோசஸ்' 1971இல் மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. மடித்து வைத்திருக்கும்போது சாதாரண இரட்டை ஆல்பம் மாதிரி இருக்கும். பிரித்தால் மேலே, கீழே, இடது, வலது என்று ஆறு சதுரங்கள் விரிந்து, சிலுவை வடிவத்தில் நான்கடி உயரத்துக்கு மூன்றடி அகலம். அங்கியும் கறுப்புக் கண்ணாடியுமாகக் கைகளை விரித்துக்கொண்டு ஐசக் ஹேஸ் நிற்கிறார். டைனிங் டேபிளில் இருந்த சாம்பார்ப் பாத்திரம், ஊறுகாய் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்து விரித்தோம். அப்படியும் கால் பகுதி மேஜைக்கு வெளியே தொங்கியது. கடைசியில் ஹாலில் தரையில் போட்டுவிட்டு மாடிப்படியின் நடுவில் நின்று படம் எடுத்தேன். பாதங்கள் சுருளாமல் இருக்க மகள் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டாள். அவளுடைய விரல் நுனிகள் படத்தில் இருக்கின்றன. வெட்டவில்லை.

தபால் பெட்டிக்குப் பின்னால் பெண்களை ஒளித்த வருடத்துக்கும் இந்த நான்கடி மனிதருக்கும் நடுவில் பத்தே வருடம்தான். கொஞ்சம் தற்பெருமை கூடிய அட்டைதான். தன் அட்டையில் பைபிளின் மோசஸாக நிற்க எல்லோருக்கும் துணிச்சல் வராது. ஆனால் படியில் நின்று கீழே பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அதிகம் திரும்பிப் பார்க்கும் அட்டை வேறு. கர்டிஸ் மேஃபீல்டின் 'தேர்ஸ் நோ பிளேஸ் லைக் அமெரிக்கா டுடே', 1975, சிகாகோவின் கர்டம் லேபிள். மேல் பாதியில் ஒரு பிரம்மாண்ட விளம்பரப் பலகை. அதில் காரில் போகும் மகிழ்ச்சியான வெள்ளைக் குடும்பம், நாய் உட்பட. கீழே பலகைக்கு முன்னால் பையும் வாளியுமாக வரிசையில் நிற்கும் கறுப்பர்கள். பார்த்தால் ஓவியம், ஆனால் கற்பனை இல்லை. 1937இல் ஒஹையோ நதி வெள்ளத்துக்குப் பிறகு லூயிவில் நகரில் நிவாரணத்துக்கு நின்றவர்களை மார்கரெட் பர்க்-வைட் லைஃப் பத்திரிகைக்காக எடுத்த புகைப்படம்தான் மூலம். உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத்தரம் என்று அந்தப் பலகையில் நிஜமாகவே எழுதியிருந்தது. முப்பத்தெட்டு வருடம் கழித்து அதே காட்சிக்குப் புது வண்ணம் அடித்து, தலைப்பில் 'இன்று' என்ற சொல்லையும் சேர்த்தார்கள்.

புகைப்படத்தில் வரிசையில் நிற்கிறவர்கள் யாரும் பலகையைப் பார்க்கவில்லை. ரேஷன் கடை வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியும், அங்கே கண் போவது முன்னால் நிற்பவர் கைப்பையின்மேல்தான். அப்புறம் அந்தக் கார். காரால் சோறு தின்கிறவன் என்பதால் எனக்கு எப்போதும் முதலில் அதுதான் கண்ணில் படும். ஓட்டுபவர் நம்மை நோக்கி, அதாவது வரிசையை நோக்கி நேராக ஓட்டிக்கொண்டு வருகிறார்.

மார்வின் கேயின் 'ஐ வான்ட் யூ' 1976 அட்டை இன்று உலகப் பிரசித்தம். நெளிந்து நீண்ட உடல்களோடு ஒரு கொட்டகை நிறைய மனிதர்கள் ஆடும் ஓவியம். வரைந்தவர் எர்னி பார்ன்ஸ், முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர். ஆடுகிறவர்கள் கண்மூடியே ஆடுவார்கள், அவர் வரைகிற மனிதர்களுக்குக் கண் திறந்திருப்பது அரிது. இதே ஓவியத்தின் இரண்டாவது வடிவம் 2022இல் ஏலத்தில் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் போயிற்று. ஏலக்காரர்கள் எதிர்பார்த்த உச்சம் இரண்டு லட்சம்தான். என்னிடம் இருப்பது ஐந்து டாலர் பிரதி. பேஸ்மென்டில் தண்ணீர் ஏறி, கீழ் வரிசையில் ஆடுகிறவர்களின் கால்களில் கறை.

ஓஹையோ பிளேயர்ஸ் குழுவின் கவர்ச்சி அட்டைகளைப் பற்றி எழுதச் சொல்லிக் கேட்பவர்களுக்கு: அவை அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன, வீட்டில் பிள்ளை இருக்கிறாள். 'ஹனி' அட்டை சிறந்த வடிவமைப்புக்குக் கிராமி வாங்கியது என்பதும், அதன் மாடல் பற்றிச் சொல்லப்படும் கொடூரக் கதை கட்டுக்கதை என்பதும் போதும்.

இங்கிலாந்தின் வடக்கு நகரங்களில் எழுபதுகளில் ஒரு கூட்டம் இருந்தது. டெட்ராய்ட்டில் யாரும் சீண்டாத அறுபதுகளின் தட்டுகளைத் தேடி எடுத்து விடிய விடிய ஆடுவார்கள். நார்தர்ன் சோல் என்று பெயர். அங்கே டிஜேக்களுக்கு ஒரு பழக்கம். அபூர்வமான தட்டு கிடைத்தால் லேபிளின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, பாடகருக்குப் பொய்ப் பெயர் ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், போட்டிக்காரன் போய் வாங்கிவிடக் கூடாதே என்று. அபூர்வம் என்றால் இப்படி: ஃபிராங்க் வில்சன் 1965இல் மோட்டவுனின் துணை லேபிள் ஒன்றில் பாடிய பாட்டு வெளிவராமலே போனது. மிஞ்சிய மிகச் சில பிரதிகளில் ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விற்றது. டிஜேக்கள் பெயரை மறைத்ததற்கு நியாயம் இருக்கிறது, தொழில் ரகசியம். ஆனாலும் பாடினவருக்கு இரண்டாம் முறையும் பெயர் இல்லாமல் செய்வது எனக்கு ஒவ்வவில்லை.

இஸ்லி அட்டையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. கடற்கரைக் காட்சியின் மேல்மூலையில், வானத்தில், தங்க நிற ஓரம் வைத்த சின்ன விலாச லேபிள் ஒன்று ஒட்டியிருந்தது. கடித உறைகளில் ஒட்டுவதற்கென்று அச்சடித்து வைத்துக்கொள்வார்களே, அது. பார்ட்டிக்குத் தட்டு எடுத்துப்போனால் திரும்பி வர வேண்டும் என்பதற்காக இங்கே நிறையப் பேர் அப்படி ஒட்டியிருக்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயர், கதவு எண், டெட்ராய்ட்டின் கிழக்குப் பக்கத் தெரு ஒன்று. நான் வாங்கிய வீடு அதுவல்ல. தட்டு யாரிடமோ போய்த் திரும்பாமலே இருந்திருக்கிறது.

ஸ்கேனில் அந்த லேபிளை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்து ஏற்றினேன். அந்தரங்கம் என்று ஒன்று இருக்கிறதே.

போன நவம்பரில் வேறொரு சேலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் அந்தத் தெரு தற்செயலாகக் குறுக்கிட்டது. திருப்பினேன். எண்கள் ஏறிக்கொண்டே வந்தன. ஒரு வீடு, இரண்டு காலி மனை, ஒரு வீடு, நான்கு காலி மனை. அந்த எண் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் உயரப் புல், சிமென்ட் படி மூன்று. படி எங்கேயும் ஏறவில்லை. காரை நிறுத்தாமல் மெதுவாகத் தாண்டினேன். பக்கத்து வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் கையைத் தூக்கினார், நானும் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து இஸ்லி அட்டையின் ஸ்கேன் கோப்பைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் பெயரை மறைத்தபடியே விட்டேன். கதவு எண்ணுக்கும் தெருவுக்கும் மேலிருந்த பட்டையை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன்.